ஒரு மாகாணி கீழே

பாட்டுக்குழுவில் எல்லோரும் அவளை முகத்துக்கு நேரே "டீச்சர்" என்பார்கள். முதுகைத் திருப்பினால் "மாகாணி". அது அவளுக்கும் தெரியும். தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு தரப்பும் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி நடந்துகொள்வதில் ஒரு மரியாதை இருந்தது.

பெயர் வந்த காரணம் பெரிய ரகசியமல்ல. குழுவைப் பாடவிட்டு, கண்ணை மூடிக் கேட்பாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று பாடுகிறவர்கள் மூச்சுவிடப் போகும் நேரத்தில் ஒற்றைக் கண்ணை மட்டும் திறப்பாள். "கீழ்க்குரல்காரங்க, இன்னும் ஒரு மாகாணி ஏத்துங்க." காலில் கால் பங்கு, அதாவது பதினாறில் ஒன்றுதான் மாகாணி. எந்தக் கடையிலும் இப்போது யாரும் கேட்காத அந்த அளவை, மனிதத் தொண்டையிடம் கேட்கிற ஒரே ஆள் அவள்தான்.

அவள் இசை எழுதுகிறவள். அதுவும் சாதாரண இசை இல்லை. பியானோவில் இருக்கும் சுரங்கள் எல்லாம் கூட்டுக்குடித்தனம் நடத்துகிறவை. சண்டை வராமலிருக்க ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, எல்லோரும் எல்லோருடனும் ஏறக்குறைய ஒத்துப்போகும்படி அவற்றை உட்காரவைத்திருக்கிறார்கள். உலகமே அந்த ஏறக்குறையவுக்குப் பழகிவிட்டது. மாகாணி மட்டும் பழக மறுத்தாள். இரண்டு குரல்கள் அச்சு அசலாகப் பொருந்தினால், நடுவே உவ்-உவ்வென்று அடிக்கும் அலை நின்றுபோகும். ஒரு குரலுக்குள் இன்னொரு குரல் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சுத்த சுருதிக்காகத்தான் அவள் எழுதினாள். அதற்காகத்தான் குழுவின் பிராணனையும் வாங்கினாள்.

சுத்தம் பார்ப்பதில் ஒரு வம்பும் உண்டு. ஒவ்வொரு அடியையும் சுத்தமாக எடுத்துவைத்து, ஒரு சுற்றுப் போய், புறப்பட்ட சுரத்துக்கே திரும்பி வந்தால், சரியாக அங்கே வந்து நிற்கமாட்டோம். கொஞ்சம் கீழே நிற்போம். வழியில் யாரும் தப்பு செய்யவில்லை, ஆனாலும் கணக்கு இடிக்கும். அந்த இறக்கத்துக்குத்தான் அவள் மாகாணி என்று பெயர் வைத்திருந்தாள்.

இந்த முறை அவள் எழுதியது அந்த இறக்கத்தைப் பற்றியேதான். மேடையில் ஒரு குழாய்மணி அடிக்கும். குழு அதிலிருந்து சுருதி எடுத்துக்கொண்டு, எந்த வாத்தியத் துணையும் இல்லாமல் எங்கெங்கோ அலைந்து, கடைசியில் அதே சுரத்துக்கு வந்து சேரும். சேர்ந்த கணத்தில் கூட்டத்துக்குப் பின்னால், கதவோரம் தொங்கும் இரண்டாவது மணி அதே சுரத்தில் அடித்து அவர்களை வரவேற்கும். ஊர் சுற்றிவிட்டுக் கொல்லைப்புறமாக வீட்டுக்குள் நுழைகிற மாதிரி. மாடிப்படிக்குக் கைப்பிடி செய்யும் பட்டறை ஒன்றில் சொல்லி, ஆள் உயரத்துக்கு இரண்டு குழாய்களை வெட்டி வாங்கியிருந்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு, அவள் காதே அரத்தைப் பிடித்தது போல, ஒரே சுரத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

வீடு திரும்பும்போது இறங்கிப் போகாமலிருக்க, பாட்டில் ஒரே ஓர் இடம் வைத்திருந்தாள். கீழ்க்குரல் பாடும் மூன்று பெண்கள் ஒரு சுரத்தை நீளமாகப் பிடித்து நிற்பார்கள். நின்றபடியே, யாருக்கும் தெரியாமல், ஒரு மாகாணி ஏற வேண்டும். சொல்ல எளிது. பாடிப் பார்த்தால் விழி பிதுங்கும்.

ஒத்திகை ஹாலில் அவள் கையால் எழுதி ஒட்டிய தாள் ஒன்று உண்டு. "இடித்தால், முதலில் உன் காதைச் சந்தேகப்படு. பக்கத்தில் நிற்பவரை அல்ல." ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு யாரும் சுருதி சேர்க்க முடியாது என்பது அவள் அனுபவம். குழு அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. இந்தக் கதையில் நடந்த கூத்துக்கெல்லாம் அந்தத் தாள்தான் காரணம்.

குழுவை நடத்துகிறவள் அவளுடைய அண்ணி. அண்ணன் அந்தப் பாட்டுகளைக் கேட்டதில்லை. அவனுக்குக் காது மந்தம். நாற்பது தாண்டியதும் கருவி மாட்டிக்கொண்டான், வீட்டில் ஒத்திகை நடந்தால் அதைக் கழற்றி மேசையில் ஓய்வெடுக்க வைத்துவிடுவான். "அப்பா பாகப்பிரிவினை பண்ணாமலே குடுத்துட்டுப் போன ஒரே சொத்து இதுதான்," என்பான்.

அப்பா பியானோவுக்குச் சுருதி சேர்க்கிற வேலை பார்த்தவர். ஐம்பதை ஒட்டிக் காது போக ஆரம்பித்தது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. பழக்கத்திலேயே கையை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு நாள் போன் வந்தது. எடுத்தது மாகாணிதான், அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். "உங்க அப்பா வந்துட்டுப் போனப்புறம் எங்க பியானோவைக் கேக்க முடியலைம்மா," என்றார்கள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். ரொம்ப மரியாதையாகச் சொன்னார்கள். அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தாள். அப்படி ஒரு நிலை தனக்கு வந்தால், மற்றவர்கள் சொல்கிறவரை காத்திருக்கக் கூடாது. தானே எழுந்து போய்விட வேண்டும்.

இப்போது அவளுக்கு ஐம்பத்தொன்று.

நிகழ்ச்சிக்கு முன்னால் வேறோர் ஊரில் பாடம் எடுக்கும் வேலை வந்து, ஒரு மாதம் போல வெளியே இருந்தாள். அண்ணி ஒத்திகையைப் பார்த்துக்கொண்டாள். திரும்பி வரும்போது ஜலதோஷம். விமானம் இறங்கும்போது வலது காது அடைத்துக்கொண்டு, சில நாள் தலையணைக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி இருந்தது. பிறகு விட்டது. முழுதாக விட்டுவிட்டது என்றுதான் நினைத்தாள்.

முதல் ஒத்திகைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். முன் மணி அடித்தது. குழு புறப்பட்டது. பாட்டு நடுவில் கீழ்க்குரல் பிடித்து நின்ற இடம் வந்தபோது நாற்காலியின் கையை இறுக்கிக்கொண்டாள். ஏறினார்கள்! தேன் மாதிரி ஏறினார்கள். அவளுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கடைசிச் சுரத்தில் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். குழுவில் அடித்தொண்டையில் பாடுகிற பேக்கரிக்காரர் சத்தமில்லாமல் நடந்து வந்து, கம்பளி சுற்றிய சுத்தியலால் பின் மணியைத் தட்டினார்.

உவ்-உவ்-உவ்.

மணி இடித்தது. ஒரு மாகாணி கீழே.

"கடைசியில... மணி சரியா இருந்துச்சா?" என்று பொதுவாகக் கேட்டாள்.

அண்ணி சுரத்தாள்களை அடுக்க ஆரம்பித்தாள். "சரியாத்தானே இருந்துச்சு."

"சரியா இருந்துச்சு டீச்சர்," என்றார் கீழ்க்குரலில் பாடும் பல் டாக்டரம்மா, கொஞ்சம் அவசரமாக.

"பிரமாதம்," என்றார் பேக்கரிக்காரர், சுத்தியலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு.

அத்தனை பேருக்கும் சரியாகக் கேட்கிறது. தனக்கு மட்டும் இடிக்கிறது. அப்படியென்றால் இடிப்பது எது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுவரில் அவள் கையெழுத்திலேயே ஒட்டியிருந்தது.

அதற்குப் பிறகு வந்த ஒத்திகைகளிலும் இதே கதைதான். முன் மணி சரி, பாட்டு சரி, பின் மணி ஒரு மாகாணி கீழே. ஒரு சுருதி மீட்டரை அந்த மணியின் பக்கத்தில் நீட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் விஷயம் தெரிந்திருக்கும். போனிலேயே அது இருந்தது. அவள் நீட்டவில்லை. மணி சரியாகத்தான் இருக்கிறது என்று அந்த முள் காட்டிவிட்டால் என்ன செய்வது? காது டாக்டரிடம் நேரம் வாங்கினாள், ரத்து செய்தாள், மறுபடி வாங்கினாள், மறுபடி ரத்து செய்தாள். மூன்றாவது முறை போன் செய்தபோது வரவேற்பில் இருந்த பெண், "நீங்களா மேடம்?" என்றாள்.

வீட்டில் எதைப் பார்த்தாலும் பரீட்சையாகிவிட்டது. பிரிட்ஜின் முனகலைக் கேட்பாள், நேற்று இருந்த சுரம்தானா என்று யோசிப்பாள். குக்கர் விசிலைக் கேட்பாள். லிப்ட் கதவு மூடும்போது வரும் ஒலியைத் தானும் முணுமுணுத்துப் பார்ப்பாள், கூட வருகிறவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள். எல்லாம் சரியாக இருப்பது போலவும் இருந்தது, எதுவும் சரியில்லாதது போலவும் இருந்தது. சந்தேகம் ஒரு தடவை காதுக்குள் புகுந்தால் பிறகு அது வாடகையில்லாமல் குடியிருக்கும்.

நிகழ்ச்சிக்கு நான்கு நாள் இருக்கும்போது அவள் அண்ணியின் வீட்டுக்குப் போனாள். மத்தியான நேரம். அண்ணன் சோபாவில் சாய்ந்து, கீழே எழுத்து ஓடும் படம் பார்த்துக்கொண்டிருந்தான். கருவி வழக்கம்போல மேசையில். தங்கையைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் படத்துக்குத் திரும்பினான். அண்ணி பால்கனியில் இருந்தாள். மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வர, கொடிக்கம்பியிலிருந்து துணிகளை உருவி உருவித் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வா வா, நல்ல நேரத்துல வந்த. இந்தப் போர்வையைப் பிடி."

மாகாணி போர்வையைப் பிடித்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துவந்த வாக்கியங்கள் ஒன்றும் கைகொடுக்கவில்லை.

"அண்ணி, இந்த நிகழ்ச்சியோட நான் நிறுத்திக்கிறேன்."

"எதை?"

"எல்லாத்தையும். எழுதறதை, சொல்லிக்குடுக்கறதை. எல்லாத்தையும்தான்."

"ஏன்மா, என்ன ஆச்சு உனக்கு?"

"காது போயிட்டிருக்கு." அடக்கிவைத்திருந்தது உடைந்தது. "அப்பாவுக்கு வந்த மாதிரியே. அந்தப் பின் மணி எனக்கு இடிக்குது அண்ணி. உங்க யாருக்கும் இடிக்கலை. எனக்கு மட்டும் இடிக்குது. என்னிக்காவது நீங்களே மரியாதையா வந்து சொல்றதுக்கு முன்னாடி நானே போயிடறேன்."

அண்ணியின் முகம் வெளுத்துப்போனது. கை மட்டும் நிற்காமல், கம்பியில் மிச்சமிருந்த அண்ணனின் பேண்ட்டைப் பிடித்து இழுத்தது. அண்ணனுக்கு பெல்ட்டைக் கழற்றாமல் பேண்ட்டைத் துவைக்கப் போடும் பழக்கம் உண்டு. முப்பது வருஷமாகச் சொல்லியும் திருந்தாத பழக்கம். அந்த பெல்ட்டின் பக்கிள் போய்க் கம்பியில் மோதியது.

ணங்ங்ங்.

துணியெல்லாம் போய் வெறுமையாக, இரண்டு நைலான் கயிற்றில் தொங்கிய கம்பி நின்று நிதானமாக ஒலித்தது. மாகாணி போர்வையைக் கீழே போட்டாள். அவள் வாய் தானாகத் திறந்து அந்தச் சுரத்தைப் பிடித்தது. கம்பியின் குரலுக்குள் அவள் குரல் போய் உட்கார்ந்துகொண்டது. அலை இல்லை. ஒரு துளி அலைகூட இல்லை. பல மாதமாகத் தூக்கத்தில்கூட அவள் தலைக்குள் ஒலித்துக்கொண்டிருந்த சுரம் அது. பெற்ற பிள்ளையின் குரலை அடையாளம் தெரியாமல் போகுமா?

"அண்ணி, இது என்னோட மணி."

அண்ணி திருதிருவென விழித்தாள்.

"இது இங்க தொங்குதுன்னா, ஹால்ல பின்னாடி தொங்கறது யாரு?"

அண்ணி துணிக்குவியலோடு அப்படியே பால்கனி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கையும் களவுமாகப் பிடிபட்ட ஆளுக்கு வேறு என்ன வழி? சொல்லிவிட்டாள். மாகாணி ஊரில் இல்லாத அந்த மாதத்தில் கீழ்க்குரல் மூன்று பேருக்கும் அந்த ஏற்றம் வரவேயில்லை. எத்தனை தடவை பாடினாலும் கடைசியில் குழு ஒரு மாகாணி கீழேதான் வந்து நின்றது, மணியோடு இடித்தது.

"நீ இதுக்காக எவ்வளவு பாடுபட்டேன்னு எனக்குத் தெரியும். நீ வந்து கேட்டா நொந்துபோவேன்னு பயந்துட்டேன். அதான் பட்டறைக்குப் போயி, நாங்க வந்து நிக்கிற இடத்துக்குப் பொருந்தற மாதிரி, சுண்டுவிரல் அகலம் நீளமா இன்னொரு குழாய் வெட்டச் சொல்லி, யார்கிட்டயும் சொல்லாம மாட்டிட்டேன். இதைத் தூக்கிப்போட மனசு வரலை. கொடிக்கு அளவா இருந்துச்சு."

"என் மணியில துண்டு காயப்போட்டீங்களா?"

"நல்லாத்தான் காயுது," என்றாள் அண்ணி, ஈனசுரத்தில்.

"சரி. அப்போ அன்னிக்கு நான் கேட்டப்ப, சரியா இருக்குன்னு ஏன் சொன்னீங்க?"

"எனக்கும் இடிச்சுதுடி! புதுக் குழாய்தான் எப்படியோ சுருதி மாறிடுச்சுன்னு நினைச்சேன். குட்டு உடைஞ்சிடுமேன்னு வாயை மூடிக்கிட்டேன். ஆனா ஒண்ணு மட்டும் இன்னிக்கு வரைக்கும் புரியலை. வாங்கிட்டு வந்த அன்னிக்குப் பொருந்தினது. அப்புறம் ஏன் இடிக்க ஆரம்பிச்சுது?"

மாகாணிக்கு அது அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. கீழ்க்குரல் இப்போது ஏறுகிறது. அவள் காதாலேயே கேட்டாள். போனை எடுத்து பல் டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, ஒலிபெருக்கியில் போட்டாள்.

"டாக்டர், ஒரே ஒரு கேள்வி. அந்த ஏற்றம் உங்க மூணு பேருக்கும் எப்போ வந்துச்சு?"

மறுபக்கத்தில் "ஒரு நிமிஷம், வாயைத் திறந்தே வச்சிருங்க," என்று யாரிடமோ சொல்வது கேட்டது. பிறகு குரல் தணிந்தது. "டீச்சர், மன்னிச்சிருங்க. நாங்க மூணு பேரும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல என் கிளினிக்லயே கத்துக்கிட்டோம். கம்ப்ரஸர் ஒரே சுரத்துல ஓடும், அதைப் பிடிச்சுக்கிட்டு ஏறிப் பழகினோம். உங்களுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு மாஸ்டர்கிட்டகூடச் சொல்லலை."

மாஸ்டர் என்பது அண்ணி. அண்ணி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அப்புறம் மணி இடிச்சுதே?"

"இடிச்சுது டீச்சர். நாங்கதான் மாகாணிக்கு மேல ஏறிட்டோம்னு நினைச்சோம். முதல்ல நம்ம காதைத்தானே சந்தேகப்படணும்? நீங்க வேற ஒண்ணுமே சொல்லலையா, சரி, பெரிய மனசு பண்ணி விட்டுட்டாங்கன்னு..." பின்னணியில் வாய் திறந்திருந்த நோயாளி ஏதோ "ஆ, ஆ" என்றார். அதுவும் ஒரு சுரத்தில்தான் இருந்தது.

மாகாணி போனை வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பாகி, பால்கனித் தரையில் போர்வை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வாரக்கணக்கில் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல் எழுந்து போய்விட்டது. காது போகவில்லை. காது இருக்கிறது. அண்ணிக்குக் கேட்டிருக்கிறது, டாக்டரம்மாவுக்குக் கேட்டிருக்கிறது, அத்தனை பேருக்கும் கேட்டிருக்கிறது. இப்படி ஒரு குழு யாருக்குக் கிடைக்கும்? ஒரு மாகாணி இடித்தால் எல்லோருக்கும் தெரிகிறது, எல்லோரும் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. அண்ணன் கருவியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தான். "ரெண்டு பேரும் எதுக்கு அழறீங்க?"

"உங்க பெல்ட்டுக்காக," என்றாள் அண்ணி.

மறுநாள் குழாயை ஹாலுக்குக் கொண்டுபோவது பெரிய படலமானது. லிப்டில் நிமிர்த்திவைத்தால் வழுக்கிச் சரிந்தது, படுக்கவைத்தால் அடங்கவில்லை, கடைசியில் மாடிப்படியில் அண்ணி முன்னும் அவள் பின்னுமாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பின் மணியின் இடத்தில் அதை மாட்டினார்கள்; பாட்டோடு அது முதல்முதலாக நிகழ்ச்சியில்தான் அடிக்க வேண்டும் என்றாள் அவள். எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து அவள் தன் பயத்தையும் மறைக்காமல் சொன்னாள். பேக்கரிக்காரர் கையைத் தூக்கினார். அவர் இத்தனை நாளும் தான்தான் மணியைத் தப்பான இடத்தில் அடிக்கிறோம் என்று நினைத்து, கடையில் ரொட்டித் தட்டுகளைத் தொங்கவிட்டு அடித்துப் பழகிக்கொண்டிருந்தாராம். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. சுவரிலிருந்த தாளை அவள் கிழிக்கவில்லை. அடியில் ஒரு வரி சேர்த்தாள்: "சந்தேகப்பட்ட பிறகு வாயைத் திறந்து சொல்."

காது டாக்டரிடமும் போய்வந்தாள். மேல்கோடிச் சுரங்களில் வயதுக்கு உண்டான தேய்மானம் கொஞ்சம், மற்றபடி ஒன்றுமில்லை என்றார். ரத்து செய்யாமல் வந்ததற்கு வரவேற்புப் பெண் எழுந்து நின்று சிரித்தாள்.

நிகழ்ச்சியன்று கடைசி வரிசையில், பின் மணிக்கு அருகே, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கருவியை மாட்டியிருந்தான். அதுவே பெரிய விஷயம். முன் மணி அடித்தது. குழு புறப்பட்டது, அலைந்தது, கீழ்க்குரல் நின்ற இடத்திலேயே நின்று ஏறியது, எல்லோரும் வீட்டை நெருங்கினார்கள். கடைசிச் சுரம். பேக்கரிக்காரர் நடந்து வந்தார். சுத்தியலை ஓங்கினார். சுத்தியல் குழாயைத் தொட்டதை அவள் கண்ணால் பார்த்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

குழுவின் குரல்தான் கேட்டது. மணி இல்லை. டாக்டர் சொன்னது, பால்கனியில் கேட்டது, எல்லாம் பொய்யா? இவ்வளவு பக்கத்தில் அடித்த மணிகூடக் கேட்கவில்லையா? அண்ணனும் அவள் பக்கம் சாய்ந்தான்.

"மணி அடிச்சாச்சா?" கிசுகிசுப்பதாக நினைத்துக்கொண்டு, பாதி ஹாலுக்குக் கேட்கும்படி கேட்டான்.

மேடையில் அண்ணி கையை இறக்கினாள். பாடகர்கள் வாயை மூடினார்கள். அத்தனை பேரும் வாயை மூடிய பிறகும் அந்தச் சுரம் நிற்கவில்லை. அசையாமல், அலையில்லாமல், அவளுக்கு இரண்டடி தூரத்திலிருந்து வந்துகொண்டேயிருந்தது. ஒரு குரலுக்குள் இன்னொன்று உட்கார்ந்துகொண்டால் எது எதுவென்று தெரியாது என்று அவள்தான் எல்லோருக்கும் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன உயிர் திரும்பி வந்தது. அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிச்சாச்சுண்ணா. கேளு, இப்பவும் கேக்குது."

அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டான். "ஆமா, கேக்குது," என்றான்.